கூப்பிட்டால் பதில் வரவேண்டும்

வணக்கம். இன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. பின்னால் கேட்கிற சத்தம் என் கிளிகள் முத்துவும் மாணிக்கமும். இருவரும் இப்போதுதான் குளித்துவிட்டுச் சிறகு கோதிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள் என்று நம்பித்தான் கேமராவை எடுத்து வைத்தேன்.

இங்கே சிங்கப்பூரில், செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "அக்கா, நானும் கணவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். மகள் காக்கடீல் கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஒன்று வாங்கலாமா?" ஒரே வரியில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமலேயே முத்துவை வாங்கி வந்தவள் நான். அந்த முதல் ஏழு மாதங்களைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

முத்து பட்ஜி வகை. நம் ஊரில் இதைத்தான் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிகளைச் சேர்ந்தது. கடையில் ஒரு வட்டக் கூண்டு, ஒரு விதைப் பொட்டலம், ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். "ஒன்றாக இருந்தால்தான் உங்களோடு பழகும்" என்றும் சொன்னார்கள். நம்பினேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மலாய் அம்மா இருக்கிறார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். ஒருநாள் லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போன பிறகு உன் பறவை உன்னைத் தேடுகிறது, தெரியுமா?" என்று கேட்டார். சத்தம் என்று புகார் சொல்லவில்லை. தேடுகிறது என்றார். அந்தச் சொல் நாள் முழுவதும் உறுத்தியது.

மறுநாள் பழைய கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு கேட்டுப் பார்த்தேன். நான் கதவைப் பூட்டும் சத்தம். இரும்புக் கதவு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு 'கீச்'. நிறுத்தம். மறுபடியும் ஒரு 'கீச்'. நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. அவன் கத்திக்கொண்டே இருக்கவில்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தான். பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டான். நாற்பது நிமிடம் இப்படியே. அதன் பிறகு மாடியில் லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்ட போதெல்லாம் ஒரு 'கீச்'.

கூட்டத்தோடு வாழும் கிளிகளுக்கு இதுதான் வழக்கம். துணை கண்ணிலிருந்து மறைந்தால் குரல் கொடுக்கும். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தால் நிம்மதி. திறந்த புல்வெளியில் தனித்துப்போன சின்னப் பறவை பருந்துக்கு இரை; அதனால் தனிமை அதற்கு ஆபத்தின் அடையாளம். நாம் வளர்க்கும் பட்ஜி ஐரோப்பாவுக்கு முதன்முதலில் உயிரோடு போனது 1840இல். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் கூண்டில் பிறந்துவிட்டன. நிறம் மாறியிருக்கிறது, உருவம் பெருத்திருக்கிறது. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அந்தக் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் மேல் காய்ந்த விதைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும். அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. முத்து தலையை மேலும் கீழும் ஆட்டி, தான் தின்ற விதையைத் தொண்டைக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக்குள் தெரிந்த பறவைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அது வாங்கிக்கொள்ளாது. அவன் மறுபடி ஊட்டுவான். அன்றே கழற்றிவிட்டேன். தயவுசெய்து துணைக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்காதீர்கள். தனிப் பெண் பறவையாக இருந்தால் இந்த ஏக்கமே முட்டைமேல் முட்டை இட வைத்து உடம்பைக் கெடுத்துவிடும். துணியால் செய்த குடிசை, கூடுபெட்டி போன்றவையும் அதே தூண்டுதலைக் கொடுக்கும்.

வானொலி வைக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். நானும் ஒலி 96.8ஐ மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டுத்தான் போவேன். வெறும் நிசப்தத்தைவிட அது நல்லது. ஆனால் வானொலி பேசும், பதில் சொல்லாது. முத்துவுக்கு வேண்டியிருந்தது பதில்.

அதனால்தான் மாணிக்கம் வந்தான். இரண்டும் ஆண், மூக்குக்கு மேல் நீலமாக இருக்கிறதே, அதுதான் அடையாளம். வளர்ந்த பெண்ணுக்குப் பழுப்பாக இருக்கும். சில நிறவகைகளில் இந்த அடையாளம் பொருந்தாது, அதனால் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டேன். குஞ்சு பொரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வாங்கி வந்தவுடன் ஒரே கூண்டில் விடவில்லை. முப்பது நாள் வேறு அறை, வேறு கிண்ணம், ஒவ்வொரு முறையும் கை கழுவல். கிளிகளிடமிருந்து மனிதருக்கே தொற்றக்கூடிய கிளிக் காய்ச்சல் என்று ஒரு நோய் இருக்கிறது. வெளியே நன்றாகத் தெரியும் பறவைக்குள்ளும் அது இருக்கலாம். பிறகு பத்து நாள் கூண்டுகளை அருகருகே வைத்தேன். மாணிக்கம் வேறு அறையில் இருந்த முதல் நாளே, நான் கதவைப் பூட்டியதும் முத்து கூப்பிட்டான். உள்ளறையிலிருந்து மாணிக்கம் பதில் சொன்னான். அந்த ஒலிப்பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

"ஜோடியாக இருந்தால் மனிதரிடம் பழகாது" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. முத்து இப்போது முன்புபோல என் தோளிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. அது எனக்கு இழப்புதான். ஆனால் பத்து மணி நேரம் இல்லாத ஒருத்தி, மீதி இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு உலகமாக இருக்க நினைப்பது நியாயமில்லை. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி பட்ஜியைத் தனியாக வளர்க்கவே முடியாது. அப்படி ஒரு விதி இங்கேயும் வந்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: துணை என்றால் அதே இனம். பட்ஜியோடு லவ் பேர்டை விட்டால், அது பட்ஜியின் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடக்கூடும்.

இனி கூண்டு. கழக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில், இடம் குறைவுதான், தெரியும். இருந்தாலும் உயரத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். கிளி ஹெலிகாப்டரைப் போல மேலே கிளம்புவதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. இரண்டு பட்ஜிக்கு நான் வைத்திருப்பது 80 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். கம்பி இடைவெளி 1.2 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். அந்த வட்டக் கூண்டில் முத்துவுக்கு ஒதுங்க ஒரு மூலைகூட இல்லை. இப்போது ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது, ஹாலில், மேற்கு வெயில் படாத இடத்தில். வாசலுக்கு வெளியே நடைபாதையில் தொங்கவிட வேண்டாம். காக்கை சுற்றிச்சுற்றி வரும். அந்தப் பயத்திலேயே கிளி சோர்ந்துவிடும். கூண்டோடு வருகிற வழவழப்பான உருண்டைக் குச்சியை எடுத்துவிட்டு, தடிமன் மாறி மாறி வரும் கொய்யாக் கிளைகளை வையுங்கள். ஒரே தடிமனில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் புண் வரும். பூங்காவில் ஒடித்து வராதீர்கள், அது இங்கே குற்றம். தோட்டவீட்டுத் தோழி ஒருவர் எனக்குக் கொடுத்தார்.

சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். இதை நம் வீடுகளுக்காக அழுத்திச் சொல்கிறேன். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போவோம். சூடு அளவுக்கு மீறினால் அந்தப் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி நமக்கு ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். கிளி சில நிமிடங்களில் விழுந்து இறந்துவிடும். பறவையின் மூச்சு அமைப்பு அப்படி: நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து, காற்றில் உள்ளதை நம்மைவிடப் பல மடங்கு திறமையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் அம்மாவின் பழைய இரும்புக் கல்லுக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் நிறுத்திவிட்டேன். விளக்கும் பூவும் போதும் என்று அம்மாவே சொன்னார். கொசுவத்தியும் வாசனைத் தெளிப்பானும் கூடாது.

இப்போது கிண்ணத்தைக் காட்டுகிறேன், கொஞ்சம் நெருங்கி வாருங்கள். நிறைந்திருப்பதுபோல் தெரிகிறதா? இதோ ஊதுகிறேன். பார்த்தீர்களா, அத்தனையும் பறந்துவிட்டது. அடியில் இருப்பது ஏழெட்டு தினை. பட்ஜி விதையை உரித்து, உமியை அங்கேயே போட்டுவிடும். மேலே உமி, அடியில் ஒன்றுமில்லை. "நிறைய சாப்பாடு வைத்துவிட்டுத்தானே போனோம்" என்று அழுதுகொண்டு எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள உயிர் அது. பட்டினி தாங்காது. தினமும் காலையில் ஊதிப் பாருங்கள். விதை மட்டுமே போட்டால் கொழுப்புச் சேர்ந்து கல்லீரல் கெடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொடுங்கள். அவகாடோ விஷம்.

நான் கிளம்பும் முன் சாப்பாட்டில் ஒரு பங்கை ஒளித்து வைப்பேன். பாக்குமட்டைத் தட்டைக் கிழித்து, மடிப்புக்குள் தினையைச் செருகி, கொத்தமல்லித் தண்டால் கட்டித் தொங்கவிடுவேன். காட்டில் நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போகிறது. கிண்ணத்தில் பத்தே நிமிடத்தில் தின்றுவிட்டால் மீதி நேரத்தை அது என்ன செய்யும்? இறகைப் பிடுங்கிக்கொள்ளும்.

தூக்கம்தான் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிக்கல். கிளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். நீங்கள் எட்டு மணிக்கு வந்து, பதினொன்று வரை கொஞ்சிக்கொண்டிருந்தால் அது தூக்கம் கெட்டு எரிச்சலடையும், கடிக்கும். நான் காலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஐந்தே முக்காலுக்கு எழுந்து, ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தி, சன்னல் வலையைச் சரிபார்த்து, கூண்டைத் திறக்கிறேன். ஒரு மணி நேரம் பறப்பார்கள். காக்கடீலாக இருந்தால் இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் திடுக்கிட்டு அடித்துக்கொள்ளும் இனம் அது.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரத்தில் இருக்கட்டும்.

செங்காங் சகோதரிக்கு வருகிறேன். ஒரு காக்கடீல் வாங்கலாமா என்றால், வேண்டாம் அம்மா. பன்னிரண்டு மணி நேரம் பதில் இல்லாமல் அது கூப்பிட வேண்டியிருக்கும். காக்கடீல் பதினைந்து, இருபது வருடம் வாழும். உங்கள் மகள் பல்கலைக்கழகம் முடித்த பிறகும் அந்தக் கூண்டு உங்கள் ஹாலில் இருக்கும். இரண்டாக வாங்க இடமும், காலையில் ஒரு மணி நேரமும், மருத்துவச் செலவுக்குப் பணமும் இருந்தால் வாங்குங்கள். என்ன சந்தேகம் என்றாலும் எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் மாலை சாங்கி வில்லேஜ் பக்கம் போங்கள். இருட்டும் நேரத்தில் செம்மார்புக் கிளிகள் கூட்டம் கூட்டமாக மரங்களில் வந்து அடையும். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

தீபாவளிக்கு நாங்கள் ஆறு நாள் திருச்சி போகிறோம். மாக்சிக் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சாவி கொடுத்துவிட்டேன். உமி ஊதுவது எப்படி என்று நேற்று காட்டினேன். "அது இருக்கட்டும், நான் எப்படிக் கூப்பிட வேண்டும், அதைச் சொல்" என்றார். இருவரும் கூண்டுக்கு முன்னால் நின்று சீழ்க்கை அடித்துப் பழகிக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறை மாணிக்கம் பதில் சொல்லிவிட்டான்.