ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்பு

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரமோ, தண்டையார்பேட்டையோ, வியாசர்பாடியோ, ஞாயிறு மதியம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கறிக்குழம்பு வாசம்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டோரம் ஒதுக்கிய கொழுப்பு, கோழித்தோல், பிரியாணிச் சட்டியின் அடிச்சோறு எல்லாம் நாய்க்குப் போகும். அந்தக் கொழுப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கணையம் சுரக்கும் செரிமான நீர், குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். உள்ளேயே தொடங்கிவிட்டால் கணையத்தையே அரிக்கும். இதுதான் கணைய அழற்சி. காரணமே பிடிபடாமலும் வரும். ஆனால் கொழுப்புச் சாப்பாடு இதைக் கிளப்பிவிடும். குண்டான நாய்க்கு ஆபத்து அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி ராணி என்றொரு நாய் வளர்க்கிறாள். ஒரு விசேஷத்துக்கு மறுநாள் ராணி குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தது. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றது. "சோம்பல் முறிக்குதுக்கா" என்றாள். சோம்பல் முறிக்கும் நாய் உடனே எழுந்துவிடும். இது திரும்பத் திரும்ப அப்படியே நின்றது. வயிற்று வலி! அவள் கையில் மனிதர்கள் போடும் வலி மாத்திரை. தயவுசெய்து அதை மட்டும் கொடுக்காதீர்கள், நாயின் உயிருக்கே ஆபத்து.

ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நம் பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், டிரிப்ஸ், வாந்திக்கும் வலிக்கும் ஊசி. முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போடுவார்கள். இப்போது வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய பாடு. தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, குழைந்த சோறு. எண்ணெய், வெங்காயம், மசாலா கிடையாது. அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவள் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். தெரு விட வேண்டுமே! டீக்கடையில் பட்டர் பிஸ்கட், எதிர்வீட்டு ஆயா கையில் ஒரு கொழுப்புத் துண்டு. "இன்னாம்மா ஆயிடும், ஒரு வாய்தானே?" அந்த ஒரு வாய் போதும், ஆயா. மறுபடியும் சொல்கிறேன், ஒரு வாய் போதும். கடைசியில் "ராணிக்கு எதுவும் போடாதீங்க" என்று சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தாள். அப்புறம்தான் அடங்கியது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மாத்திரை கொடுக்கும் முறை பற்றியும் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நோய் அடிக்கடி வந்தால் பின்னால் சர்க்கரை நோயும் வரலாம். நாய் நிறையத் தண்ணீர் குடித்து, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வணக்கம்.