ஆப் எதற்கு, ஒரு லிங்க் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கத்தில் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இணையத்தை நம் அன்றாட வாழ்க்கையோடு சேர்த்து வைப்பது ஆப்பா, பிரவுசரா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஆப் பக்கம் நின்று மூன்று வாதம் வைத்தார். டீக்கடையில் காசு கொடுப்பதே ஆப்பில்தான் என்றார். சிக்னல் இல்லாத இடத்திலும் ஆப் திறக்கும், வெப்சைட் திறக்காது என்றார். வெப்சைட் தானாக நம்மைக் கூப்பிட்டு ஒரு சேதி சொல்லாது என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் என் அப்பாவின் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் அப்பாவுக்குக் கண் காட்ட ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். டோக்கன் வேண்டுமா, எங்கள் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் கவுண்டரில். அப்பா போனில் இடமில்லை. வரிசையில் நின்றபடியே, மங்கலான கண்ணை இடுக்கிக்கொண்டு, எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பேத்தி நடை பழகிய வீடியோ இரண்டை அழித்தார். அப்புறம் ஆப் இறங்கியது, ஓடிபி வந்தது, போனில் இருக்கும் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டி முடித்தபோது திரையில் வந்தது ஒரே ஒரு எண்: 47. நடுவர் அவர்களே, அந்த 47ஐக் காட்ட ஓர் இணையப் பக்கம் போதாதா? கவுண்டரில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருந்தால் கேமராவைக் காட்டிய மறுநொடி பிரவுசரில் அந்தப் பக்கம் திறந்திருக்கும். அழித்த வீடியோ இரண்டும் திரும்பக் கிடைக்கவில்லை, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தமிழில் இணையம் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி இணையத்துக்கு வந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருப்பீர்கள், நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. இந்தப் பத்திரிகையைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கு, அந்தப் பத்திரிகைக்கு அதை இறக்கு, இறக்காவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதிந்துவைக்க டிஸ்கி என்றொரு குறியாக்கம் இருந்தது, 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது, 2010இல் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடு பரவிய பிறகுதான் எந்தக் கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிந்தது, தேடினால் கிடைத்தது, ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தது. அத்தனை பாடுபட்டு அந்தத் தொல்லையிலிருந்து வெளியே வந்த நாம், கடைக்கு ஒரு ஆப், பள்ளிக்கு ஒரு ஆப், ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆப் என்று மறுபடி அதே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

சரி, நண்பரின் வாதங்களுக்கு வருகிறேன். டீக்கடை வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். யூபிஐயில் நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போய்த்தான் போன் பதிவாகிறது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் காவல் வேண்டும், அதற்கு ஆப் இருக்கட்டும். ஒரு வீட்டில் பீரோ வேண்டும்தான், அதற்காகக் கொத்தமல்லிக்கட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டுவோமா?

சிக்னல் வாதம் பழசாகிவிட்டது. சர்வீஸ் ஒர்க்கர் என்று ஒரு நுட்பம் பிரவுசர்களுக்குள் வந்து பல வருஷம் ஆகிறது. பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன நிரல் அது. முதல் தடவை தளத்தைத் திறக்கும்போதே வேண்டியதைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சிக்னல் இல்லாவிட்டாலும் அதிலிருந்து எடுத்துக் காட்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் போய்விட்டாலும், கீழேயே திறந்து பார்த்திருந்த பேருந்து நேரம் பிரவுசரில் இருக்கும், அந்தத் தளத்தைச் செய்தவர் இதைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட தளத்தை முகப்புத் திரையில் ஒரு படமாகவும் வைத்துக்கொள்ளலாம், தொட்டால் ஆப் மாதிரியே முழுத்திரையில் திறக்கும்.

சேதி சொல்லாது என்றாரே, ஆண்ட்ராய்டு போனில் குரோம் 2015இலேயே வெப்சைட்டிலிருந்து அறிவிப்பு அனுப்ப வழி செய்துவிட்டது. ஐபோனில் அது வந்தது 2023 மார்ச்சில், அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தால்தான். ஒரு வாசல் எட்டு வருஷம் பூட்டிக் கிடந்ததற்கு வீட்டைக் குறை சொல்ல முடியாது. முதல் ஐபோன் வந்த 2007இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மென்பொருள் எழுதுபவர்களிடம் சொன்னதே, பிரவுசரில் ஓடும் ஆப்களை எழுதுங்கள் என்றுதான். அடுத்த வருஷம் ஜூலையில் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது, பேச்சு மாறிவிட்டது. கடை வைத்திருப்பவருக்கு விற்பனையில் 30 சதவீதம் வரை கமிஷன், திறந்த இணையத்தில் அப்படி யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. அது இப்படித் திறந்தே கிடப்பதற்குக் காரணம், 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வுக்கூடம் வெப் என்கிற உலக வலையின் மென்பொருளை எல்லாருக்கும் பொதுவாக விட்டுக்கொடுத்ததுதான். டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே இருந்துதான் அதை உருவாக்கினார்.

ஆப் மட்டும் போதும் என்று நம் நாட்டிலேயே ஒரு பெரிய நிறுவனம் முயன்று பார்த்தது. 2015இல் ஃபிளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை மூடியது, அதன் கையிலிருந்த துணி விற்கும் மிந்த்ரா கணினித் தளத்தையும் மூடி முழுக்க ஆப்புக்குப் போனது. என்ன ஆயிற்று? அதே வருஷம் நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் பிரவுசருக்குத் திரும்பி வந்தார்கள், மிந்த்ராவும் மறு வருஷம் தளத்தைத் திறந்தது. பழைய மொபைல் தளத்தில் 70 நொடி இருந்தவர்கள் புதியதில் மூன்றரை நிமிடம் இருந்தார்கள் என்று கணக்கு வெளியானது. அவ்வளவு பணமும் ஆளும் வைத்திருந்தவர்களுக்கே ஆப் மட்டும் போதவில்லை, நம் தெரு மளிகைக்கடைக்கும் ஊர் நூலகத்துக்கும் அது எப்படிப் போதும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தால் எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே முகம் பார்த்துப் பேசலாம், 2021இல் அது உலகத் தரமாகவே அறிவிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நாளில், அரசின் இ-சஞ்சீவனி சேவை வந்தபோது பிரவுசரைத் திறந்தே டாக்டரிடம் பேச முடிந்தது. உடம்புக்கு முடியாத நேரத்தில் ஒரு லிங்க்கைத் தொட்டால் டாக்டர் முகம் தெரிகிறது என்றால், அதைவிட இணையம் வாழ்க்கைக்குப் பக்கத்தில் எப்படி வர முடியும்?

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அடுத்து எதிரணியிலிருந்து பேச வருபவரிடம் ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லட்டும். ஊரில் இருக்கும் என் அத்தைக்கு ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று தெரிய வேண்டும். அது ஒரு இணையப் பக்கத்தில் இருந்தால் நான் இங்கிருந்து லிங்க்கை அனுப்புவேன், அத்தை தொட்டதும் படித்துவிடுவார். அது ஒரு ஆப்புக்குள் இருந்தால் அத்தைக்கு நான் என்ன அனுப்புவது?