19 கோலுக்கு 11 பாயின்ட், 14 கோலுக்கு 18 பாயின்ட்: பிளாஸ்டர்ஸ் சீசன் பற்றி நீரோடியிலிருந்து

மக்களே, எல்லாருக்கும் வணக்கம். காற்று சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருந்து பேசலாம் என்றால் பக்கத்தில் வீட்டு வேலை நடக்கிறது, கல் அறுக்கும் மெஷின் காலையிலிருந்து நிற்கவே இல்லை, அதனால் கடற்கரைக்கே வந்துவிட்டேன். இது நீரோடி. புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மேற்கே கடைசி ஊர். இந்தப் பக்கமாக நடந்தால் பொழியூர், அது கேரளா. நடுவில் வேலி கிடையாது, மணல்தான்.

இந்தியாவின் ஐஎஸ்எல் கால்பந்து லீகில் நம் கேரளா பிளாஸ்டர்ஸின் 2024-25 சீசன் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மார்ச் 12, ஹைதராபாதில் 1-1, அதோடு சரி. ஏன் வீடியோ போடவில்லை என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அன்றைக்கே பேசியிருந்தால் கோபத்தில் என்னவெல்லாமோ சொல்லியிருப்பேன். அதனால் 24 ஆட்டத்தையும் நோட்டில் எழுதி, யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், நாம் எப்போது கோல் வாங்கினோம், எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால், கமெண்டில் எப்போதும் வருகிற கேள்வி: தமிழ் பேசுகிறாய், சென்னையின் எஃப்சி இருக்கிறது, நீ ஏன் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சி போடுகிறாய்? எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று இந்தக் கரை முழுக்க ஆழ்கடல் தொழில். போட் எல்லாம் கிடப்பது கொச்சியில், தோப்பும்படி பக்கம். என் அண்ணன் ஒரு தடவை கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். கரைக்கு வந்து மீன் இறக்கிக் கணக்கு முடித்தால், அன்றைக்குக் கொச்சி கலூரில், நம் ஹோம் ஸ்டேடியத்தில், ஆட்டம் இருந்தால், குளித்துவிட்டு நேராக ஸ்டேடியம்தான். நான் முதல் முறை கலூருக்குப் போனதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான். சென்னை எங்களுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம், கொச்சி எங்கள் ஆட்கள் பிழைக்கிற இடம். அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

இந்த சீசன் முழுக்க டீக்கடையில், பள்ளி மைதானத்தில், போனில், எங்கே போனாலும் ஒரே பேச்சு: திமி போய்விட்டான், அதோடு அட்டாக் செத்துவிட்டது. திமித்ரியோஸ் தியாமந்தகோஸ், 2023-24ல் 13 கோல், அதிகக் கோலுக்கான தங்கக் காலணி வாங்கியவர், அடுத்த சீசனுக்கு ஈஸ்ட் பெங்கால் போனார். எனக்கும் வலித்தது. ஆனால் அட்டாக் செத்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நோட்டைப் பாருங்கள். ஹெசுஸ் ஹிமெனெஸ் 11 கோல். நோவா சதாவூய் 7. குவாமே பெப்ரா 6. மூன்று பேர் சேர்ந்து 24. மொத்தம் நாம் அடித்தது 33. திமியின் இடத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து அவர் 11 அடித்திருக்கிறார் என்றால், முதல் வருடத்தில் ஒரு ஸ்ட்ரைக்கரிடம் இதற்கு மேல் என்ன கேட்பீர்கள்?

அப்புறம் ஏன் எட்டாவது இடம்? 29 பாயின்ட், 8 வெற்றி, 5 டிரா, 11 தோல்வி.

இங்கேதான் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. 24 ஆட்டத்தைச் சரிபாதியாகப் பிரித்தேன். அது தானாகவே பிரிந்து கிடக்கிறது, ஏனென்றால் முதல் 12 ஆட்டம் கோச் மிக்கேல் ஸ்டாரே, டிசம்பர் 14 மோகன் பகான் ஆட்டத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள், மீதி 12 ஆட்டம் டி.ஜி. புருஷோத்தமன். ஸ்டாரே காலத்தில் நாம் அடித்தது 19 கோல், எடுத்தது 11 பாயின்ட். புருஷோத்தமன் காலத்தில் அடித்தது 14, எடுத்தது 18 பாயின்ட். கோல் குறைந்தது, பாயின்ட் ஏறியது! முதல் பாதியில் வாங்கியது 24 கோல், இரண்டாம் பாதியில் 13. நோட்டை மூடிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன்.

உடனே எல்லாரும் டிஃபென்ஸ், கோல்கீப்பர் என்று போய்விடுவீர்கள். அவர்கள் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாரே ஆடவைத்த விதத்தை யோசியுங்கள். பந்து நம் காலில் வந்ததும் நோவா இடது பக்கம் மேலே, லூனா நடுவில் மேலே, இரண்டு ஓரத்து டிஃபென்டர்களான ஃபுல்பேக்கும் மேலே, எல்லாரும் ஒரே நேரத்தில் பாக்ஸைப் பார்த்து ஓடுவார்கள். பார்க்க அழகு, நானே எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பந்து ஒரு தடவை வெட்டுப்பட்டால் பின்னால் இருப்பது இரண்டு பேர். நம் பாதியில் பாதி வெறும் தரை. அது முன்னால் நிற்கிறவர்கள் விட்டுவைத்த ஓட்டை, பின்னால் நிற்கிறவனை மட்டும் திட்டி என்ன செய்ய? என்னைக் கேட்டால் கோல் அடித்ததும் அட்டாக்கின் வேலை முடிந்துவிடாது. அடித்த கோலைக் காப்பாற்றுவதிலும் பாதி வேலை முன்னால்தான் இருக்கிறது, பந்தை அவர்கள் பக்கத்திலேயே வைத்திருப்பது, அவசரப்பட்டுத் தூக்கிப் போடாமல் இருப்பது, கார்னர் கொடி பக்கம் கொண்டுபோய் ஒரு நிமிடம் தின்பது.

உதாரணம் சொல்கிறேன். முதல் ஆட்டம், செப்டம்பர் 15, திருவோண நாள், கலூரில் பஞ்சாப். 86வது நிமிடத்தில் பெனால்ட்டியில் வாங்கினோம், கூடுதல் நேரத்தில் ஹிமெனெஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார், ஊரே குதித்தது. மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை, திரும்ப ஒன்று வாங்கி 2-1. ஒரு பாயின்ட் போச்சு. அக்டோபரில் ஒடிஷா, 21 நிமிடத்துக்குள் நோவாவும் ஹிமெனெஸும் அடித்து 2-0. இடைவேளைக்குள்ளேயே 2-2 ஆகிவிட்டது. இரண்டு பாயின்ட் போச்சு.

நவம்பரில் மும்பை. இதைச் சொல்லாமல் விட முடியாது. 2-0 பின்னால் இருந்து, பெனால்ட்டியில் ஒன்று, அப்புறம் பெப்ரா தலையால் ஒன்று, 2-2. அந்த மகிழ்ச்சியில் பெப்ரா ஜெர்சியைக் கழற்றினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். இரண்டாவது மஞ்சள், வெளியே. பத்துப் பேரோடு ஆடி 4-2 தோல்வி. பெப்ரா எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர், மாடு மாதிரி உழைப்பார், அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிசம்பர் 14, கொல்கத்தாவில் மோகன் பகான். 85வது நிமிடம் வரை 2-1 என்று நாம்தான் முன்னால். 86ல் ஒன்று, 95ல் ஒன்று, 3-2. அப்புறம் மார்ச் 1, கலூரில் ஜாம்ஷெட்பூர், கோரூ அடித்து 1-0, 86வது நிமிடத்தில் சேம் சைடு கோல், டிரா.

இப்போது கூட்டுங்கள். பஞ்சாப் 1, ஒடிஷா 2, மும்பை 1, மோகன் பகானிடம் டிரா மட்டும் என்று வைத்தாலும் 1, ஜாம்ஷெட்பூர் 2. ஏழு. நம் 29 கூட ஏழு சேர்த்தால் 36. ஆறாவது இடம் பிடித்து அடுத்த சுற்றான பிளே ஆஃப் போன மும்பை எத்தனை தெரியுமா? அதே 36. அதிலும் அந்த மும்பை ஆட்டம் டிராவாகியிருந்தால் அவர்களுக்கு இரண்டு குறைந்து 34. மக்களே, இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் மோசமான டீம் என்றால் மனசு ஆறிவிடும், நாம் மோசமான டீம் இல்லை.

சரி, இரண்டாம் பாதி. பாயின்ட் ஏறியது நல்லதுதான். டெல்லியில் பஞ்சாபோடு ஒன்பது பேராகிக் கடைசி வரை நின்று 1-0 ஜெயித்தது, கலூரில் ஒடிஷாவோடு கூடுதல் நேரத்தில் நோவா அடித்து 3-2 ஜெயித்தது, சென்னையில் 3-1, இதெல்லாம் நான் மறக்கமாட்டேன். ஆனால் இங்கே வேறு ஒரு நோய் தெரிந்தது. இந்த 12 ஆட்டத்தில் நான்கில் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முதல் 12ல் அப்படி ஒரே ஒரு ஆட்டம்தான், கோவாவோடு. சென்னையில் ஜனவரி 30 அன்று அடித்ததுதான் ஹிமெனெஸின் கடைசி லீக் கோல். அதற்குப் பிறகு ஐந்து ஆட்டத்தில் மொத்த டீமும் சேர்ந்து மூன்று கோல்.

ஏன்? என் மனசில் ரொம்ப நாளாக இருப்பதைச் சொல்கிறேன். அந்த மூன்று பேர் 24 அடித்தார்கள் என்று பெருமையாகச் சொன்னேன் இல்லையா, அதையே திருப்பிப் பாருங்கள். மீதி மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒன்பது. அதில் ஒன்று மொஹம்மதன் டீமின் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது. நம் இந்திய ஆட்டக்காரர்கள் அடித்ததை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ராகுல் ஒன்று, அவரும் ஜனவரியில் ஒடிஷா போய்விட்டார். ஃபிரெடி ஒன்று. கோரூ இரண்டு. லூனா பக்கம் பக்கமாகப் பாஸ் கொடுத்தார், அவர் பெயரில் லீக்கில் கோல் இல்லை. எதிரணிக்காரன் மூன்று பேரைப் பிடித்துவிட்டால் போதும் என்று தெரிந்துகொண்டான், பிப்ரவரியில் மோகன் பகான் கலூரில் வந்து அதைத்தான் செய்தது, 3-0.

2021-22 நினைவிருக்கிறதா? ஃபடோர்டாவில் ஹைதராபாதோடு இறுதிப் போட்டி, பெனால்ட்டியில் தோற்றோம். அந்த சீசனில் அல்வாரோ வாஸ்குவெஸ் 8, டியாஸ் 8, லூனா 6, கூடவே சஹல் அப்துல் சமத் 6. நான்கு பக்கமிருந்தும் கோல் வந்தது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சஹல் 2023ல் மோகன் பகான் போன பிறகு அந்த இடத்துக்கு இன்றுவரை ஆள் வரவில்லை. திமி போனதைப் பேசுகிற நாம் சஹல் போனதைப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

அதனால்தான் கோரூ சிங் பற்றிச் சத்தமாகச் சொல்கிறேன். மணிப்பூர்ப் பையன், 18 வயது. வலது பக்கம் பந்து வாங்கினால் பயப்படாமல் ஆளை எதிர்த்துப் போகிறான், தாண்ட முடியாவிட்டாலும் அடுத்த தடவையும் போகிறான். இரண்டாம் பாதியில் எனக்குக் கிடைத்த ஒரே புதுச் சந்தோஷம் அவன். அவனை எந்த விலைக்கும் விற்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு உருக்கமாகச் சொல்கிறேன் என்றால், இந்த மணலைப் பாருங்கள். கேமராவைத் திருப்புகிறேன். சாயங்காலம் ஆனால் இங்கே வெறுங்காலோடு பந்து விளையாடுகிற பிள்ளைகளை எண்ண முடியாது. பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து போனவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், கொல்கத்தா போனார். 2020 நவம்பர் 20, கோவாவில் ஆளில்லாத ஸ்டேடியம், சீசனின் முதல் ஆட்டம், மோகன் பகான் ஜெர்சியில் அவர், எதிரே நம் பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எங்கள் வீட்டில் டிவியின் முன்னால் இருந்த எல்லாரும் மஞ்சள் ஜெர்சி போட்டவர்கள்தான், ஆனால் அன்றைக்கு ஆட்டம் யார் ஜெயித்தது என்பதையே யாரும் பேசவில்லை. இடது விங்கில் அப்படி ஓடுகிற கால் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது, பொழியூரில் இருக்கிறது, மலப்புறத்தில் இருக்கிறது. பிளாஸ்டர்ஸ் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குச் செலவு பண்ணட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே இந்தப் பிள்ளைகளில் ஒருவனை ஒன்பதாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கர் இடத்தில் நிறுத்திப் பழக்கட்டும். விங்கில் மட்டும் ஓடவிட்டால் அவன் எப்போது கோல் அடிக்கப் படிப்பான்?

புதுக் கோச் டேவிட் கத்தாலா வந்திருக்கிறார், ஸ்பெயின்காரர், ஆடிய காலத்தில் டிஃபென்டர். அடித்ததைக் காப்பாற்றத் தெரிந்தவராக இருப்பார் என்று நம்புகிறேன். 2025 ஏப்ரல், இந்த மாதம் 20, புவனேஸ்வரில் சூப்பர் கப், முதல் ஆட்டமே ஈஸ்ட் பெங்கால், அங்கே திமி இருக்கிறார். எனக்கு வேண்டியது: ஹிமெனெஸ் நடுவில், நோவா இடது, கோரூ வலது, லூனா பின்னால், முன்னால் போகிற ஃபுல்பேக் ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும்.

அண்ணன் போட் நேற்றுத்தான் சிக்னலுக்குள் வந்தது. போனை எடுத்ததும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான், அடுத்தது, ஹைதராபாதில் என்ன ஆச்சு. சொன்னேன். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், கோரூ ஆடினானா என்றான். 20ஆம் தேதி கரையில் இருப்பேன், இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்றிருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் அவனையும் கேமரா முன்னால் நிறுத்துகிறேன். வருகிறேன் மக்களே.