தெருவோடு சேர்ந்து வளர்ந்த கிணறு

வணக்கம் நேயர்களே. பழங்கால நகரங்களைத் தோண்டிப் பார்த்ததில் இன்றைய நகரத் திட்டத்துக்கு என்ன பாடம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு, தரைமட்டம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் என் பெரியப்பா வீடு. கட்டிய புதிதில் மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டார்கள். ஒரு படி மறைந்தது, பிறகு இன்னொன்று. இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். மழை வந்தால் தண்ணீரும் அதே வழியில் வருகிறது. பெரியம்மா வாசலில் செங்கல் வைத்து ஒரு தடுப்பு கட்டினார். அடுத்த தார் அதையும் எட்டிப் பிடித்துவிட்டது. "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்று பாதிப் பேராவது இப்போது சொல்லியிருப்பீர்கள்.

இனி சிந்து நதிக்கரைக்கு வாருங்கள். மொகஞ்சதாரோ, 4,500 ஆண்டுக்கு முந்தைய ஊர். அங்கே எடுத்த படங்களில் செங்கல் கட்டுமானங்கள் சில புகைபோக்கி மாதிரி தனியாக நிற்கும். கோபுரமோ என்று தோன்றும். கிணறுகள்! சுற்றியிருந்த மண்ணைத் தோண்டி அகற்றியதால் கிணறு மட்டும் உயரமாக நிற்கிறது. அந்த ஊரில் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்பது மைக்கேல் யான்சன் என்ற ஆய்வாளரின் கணக்கு.

ஏன் அவ்வளவு உயரம்? அங்கேயும் தரை உயர்ந்தது. இடிந்த சுவரை நிரவி அதன்மேல் புது வீடு, குப்பை, மண் என்று தலைமுறை தலைமுறையாக மேடு ஏறியது. தெரு ஏற ஏற, கிணற்றுச் சுவரின்மேல் இன்னும் சில வரி செங்கல் வைத்தார்கள். சாக்கடையின் பக்கச் சுவரையும் உயர்த்தினார்கள். திரும்பவும் சொல்கிறேன்: தெரு, வீடு, கிணறு, சாக்கடை எல்லாம் சேர்ந்தே உயர்ந்தன. நம் ஊரில் தெரு மட்டும் உயர்கிறது. தெரு ஒரு ஒப்பந்தம், மழைநீர் வடிகால் வேறொரு ஒப்பந்தம், வீடு உங்கள் தலையெழுத்து. வசதி இருப்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் அடுத்த முறை வண்டி வந்தால், சுரண்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். கேளுங்கள்.

இன்னொன்று, அந்தச் சாக்கடைகளுக்குச் செங்கல்லிலும் கல்லிலும் மூடி உண்டு. தூக்கலாம், தூர் வாரலாம். கசடு தங்க ஆங்காங்கே குழிகளும் வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். கடைசிக் காலத்தில் தெருவிலேயே சூளை போட்டிருக்கிறார்கள். ஆக்கிரமிப்பு நமக்கு மட்டும் சொந்தமில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஏரிகளைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன். குஜராத்தின் கட்ச் பகுதியில், அதே சிந்து நாகரிகத்து ஊரான தோலாவீராவில் இரண்டு மழைக்கால ஓடைகளை மறித்து, தண்ணீரை நீர்த்தேக்கங்களில் நிறைத்தார்கள். நம் உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு வாரியம் இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நாமோ மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் கட்டினோம். லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தொடவே நேரமில்லை. மனை வாங்கப் போகிறவர்கள் பழைய கிராம வரைபடத்தை எடுத்து, அந்த இடம் ஏரியா, ஓடையா, மேடா என்று முதலில் பாருங்கள். வணக்கம்.