ஹம் ஒழிந்தது: ஹைட்ரோஃபோன் கேபிளைப் பற்றி முழுசாக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. இன்றைக்கு அறிமுகம் எல்லாம் அப்புறம். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், முதலில் இதைக் கேளுங்கள்.

கேட்டீர்களா? டொர்ர்... டொர்ர்... என்று விட்டுவிட்டு வருகிறதே, அது கத்தாழை மீன். பின்னால் படபடவென்று நிற்காமல் வெடிப்பது சொடுக்குப் போடும் சின்ன இறால்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை! போன வீடியோவில் இதே தூத்துக்குடியில், இதே கடலோர மேடையிலிருந்து ஹைட்ரோஃபோனை, அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்கை, இறக்கி எடுத்த ஒலியில் ஆரம்பம் முதல் கடைசி வரை ‘ம்ம்ம்’ என்று கரண்டிலிருந்து ஏறிய ஒரு ஹம் ஓடியதே, அது இப்போது இல்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திரையில் போடுகிறேன், பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் கோடு இல்லை. 100-ல் இல்லை. 150-ல் இல்லை. இதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த வீடியோ போடுவதற்குக் காரணமே போன வீடியோவின் கீழே வந்த ஒரு ஆலோசனைதான். ஒருவர் இல்லை, நிறையப் பேர். ‘அண்ணா, சாஃப்ட்வேரில் நாய்ஸ் ரிமூவ் போட்டால் போய்விடுமே, எதற்கு இவ்வளவு பாடு?’ எனக்கு இந்த வழி பிடிக்கவே பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன். கரண்ட் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஹம் 50-ல் மட்டும் நிற்காது. 100, 150, 200, 250 என்று அதன் மடங்குகளில் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். கத்தாழை தன் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து எழுப்பும் ஒலியும் நூறு சொச்சத்திலிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஹம்மை வெட்டினால் கூடவே மீனையும் வெட்டுகிறோம். மிஞ்சுவது தண்ணீருக்குள் டப்பாவைத் தட்டிய ஒரு சத்தம். அதைக் கேட்பதற்கா ஹைட்ரோஃபோன் செய்தோம்? இரைச்சல் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும். பின்னால் துடைப்பது வேலைக்கு ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒலி அழுத்தத்தை மின்சாரமாக்க நாம் போடுகிற 27 மில்லிமீட்டர் பீசோ டிஸ்க் மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர். சுமார் 20 நானோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அதன் இம்பிடன்ஸ், அதாவது ஏசி கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, கிட்டத்தட்ட 160 கிலோஓம். இவ்வளவு உயர்ந்த இம்பிடன்ஸில் இருந்து நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு வந்தால், பக்கத்தில் போகிற எந்தக் கரண்ட் ஒயரும் அதில் தன் ஹம்மைச் சுலபமாக ஏற்றிவிடும். அதனால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: கேபிளுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் சிக்னலை வலுவாக்கும் ப்ரீஆம்பைத் தண்ணீருக்குள், டிஸ்க் இருக்கிற ஹைட்ரோஃபோன் தலைக்குள்ளேயே, டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். ஒரே ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டர் போதும். அந்த இடத்திலேயே இம்பிடன்ஸ் ஓரிரு கிலோஓமுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு கேபிள் எவ்வளவு நீளம் என்பது பெரிய கவலையே இல்லை.

ப்ரீஆம்ப் கரையில் இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆர்ஜி-58 மாதிரியான கோஆக்ஸ் கேபிளில், அதாவது நடுவில் ஒரு ஒயரும் சுற்றிலும் ஷீல்டு உறையும் உள்ள கேபிளில், மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிடன்ஸ் இருக்கும். 30 மீட்டர் விட்டால் 3 நானோஃபாரட். 20 நானோ டிஸ்க்குக்கு அது ஒரு டெசிபெல் சொச்சம்தான், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் டிஸ்க்குக்குப் பதில் 3 நானோ உள்ள சின்ன செராமிக் குழாயை வைத்திருக்கிறீர்கள் என்றால் சிக்னலில் சரிபாதி போய்விடும். 6 டெசிபெல்! மீன் அப்படியே இருக்கும், ஹம் அப்படியே இருக்கும், உங்கள் சிக்னல் மட்டும் பாதி.

ஜேஃபெட் வாங்கும்போது கவனம். எல்லோரும் 2எஸ்கே170 என்று கேட்பார்கள். நல்ல பார்ட்தான், ஆனால் டோஷிபா அதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது கடைகளில் கிடைப்பதில் போலி ஏராளம். எனக்கு அந்த வம்பே வேண்டாம், ஜே113 போடுகிறேன். கடலில் இறால் போடுகிற சத்தத்துக்கு முன்னால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

இப்போது கேபிள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வயிறு எரிகிறது. ஒரு கடையில் ‘டபுள் ஷீல்டு, ப்யூர் காப்பர்’ என்று சொல்லி மீட்டர் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கடைப் பெயர் வேண்டாம். 30 மீட்டர், 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து ஒரு முனையைச் சீவினேன். இதோ கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். இதுவா பின்னல்? கொசுவலை இதைவிட நெருக்கமாக இருக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ளே இருக்கிற ஃபாயில் பளபளவென்று தெரிகிறது. சரி, பின்னல் இழையாவது காப்பரா? பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் காப்பர் பூச்சு! இதில் சால்டர் சரியாகப் பிடிக்காது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் அலுமினியம் பொரிந்து வெள்ளைப் பொடியாகிவிடும். ஷீல்டு அறுந்துபோனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 1,800 ரூபாய் மக்களே. இந்தக் காசுக்கு மேடையில் ஒரு வாரம் மீன் வாங்கியிருக்கலாம். இனிமேல் ரோலிலிருந்து அரை அடி வெட்டிக் காட்டச் சொல்லி, சீவிப் பார்த்து, பிளேடால் சுரண்டி, அப்புறம்தான் காசை எடுப்பேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது போட்டிருப்பது மைக் கேபிள்தான், ஆனால் ஸ்டார் குவாட். உள்ளே நான்கு ஒயர் ஒன்றாக முறுக்கியிருக்கும், எதிரெதிர் ஒயர்களைச் சேர்த்து இரண்டாக்க வேண்டும். ஹம் இரண்டு பக்கமும் சமமாக ஏறும், ரெக்கார்டரில் மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் உள்ளீடு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும், ஹம் அடிபட்டுப் போகும். நான்கு ஒயர் முறுக்கில் அந்தச் சமநிலை இன்னும் கச்சிதம், அதனால் காந்தப்புலத்தால் வருகிற ஹம்முக்கு இதைப் போல வேறு இல்லை. மீட்டர் 180 ரூபாய். ஆமாம், மூன்று மடங்கு. கொடுத்தேன், வருத்தமே இல்லை. கெப்பாசிடன்ஸ் அதிகமாயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். ப்ரீஆம்ப் தலைக்குள் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்! ரெக்கார்டர் மைக்குக்குத் தரும் 48 வோல்ட் பாண்டம் பவரும் இதே ஒயரில் கீழே போகிறது, தலைக்குள் பேட்டரி தேவையில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், ப்ரீஆம்புக்கே திரும்ப வருகிறேன். ஜேஃபெட்டின் கேட்டில், அதாவது சிக்னல் நுழையும் காலில், ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும் இல்லையா, அதை 1 மெகாஓம் வையுங்கள். 20 நானோவோடு சேர்ந்து 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடும். ‘பெரிசாகப் போட்டால் இன்னும் கீழே கேட்குமே’ என்று 100 மெகாஓம் போடாதீர்கள். தலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பினால் அது 10 கிலோபாஸ்கல் அழுத்தம், தண்ணீருக்குள் பயன்படுத்தும் அளவுகோலில் 200 டெசிபெல். ஆழம் போகப்போகக் குறையும், ஆனால் நம் மேடை ஆழம் கொஞ்சம்தான். மீன் சத்தம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அலை ஒவ்வொன்றுக்கும் ப்ரீஆம்ப் திணறும். அதே நேரம் டிஸ்க்கை நேராக 10 கிலோஓம் மைக் உள்ளீட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும், கத்தாழையும் அதோடு சரி.

அடுத்ததுதான் உண்மையான வில்லன்: கடல். கடல்நீரே ஒரு கண்டக்டர். கேபிள் ஷீல்டு, தலையைக் கீழே இறக்குகிற எடைக்கூண்டின் ஸ்டீலைத் தொடுகிறது, ஸ்டீல் கடலைத் தொடுகிறது, கடல் மேடையின் தூண் கம்பியைத் தொடுகிறது, மேடையில் பிளக் பாயிண்ட், அந்த பிளக்கில் ரெக்கார்டரின் சார்ஜர். வட்டம் முடிந்துவிட்டது! 50 ஹெர்ட்ஸ் ஷீல்டு வழியாகவே ஊர்வலம் போகும். எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் இது போகாது. அதனால் ஷீல்டின் எந்தப் பகுதியும் தண்ணீரைத் தொடக் கூடாது. ஷீல்டை வேண்டுமென்றே ஒரே இடத்தில் கடலோடு இணைக்கிறவர்களும் உண்டு. மேலே உள்ளதெல்லாம் பேட்டரியில் தனியாக இருந்தால் அதுவும் வேலை செய்யும். எனக்கு முழுசாகப் பிரித்துவிடுவதுதான் பிடித்திருக்கிறது.

சோதனை ரொம்ப எளிது. வாளியில் லிட்டருக்கு 35 கிராம் கல் உப்பு போட்டுக் கரையுங்கள், கடல் அளவு வந்துவிடும். தலையையும் கேபிளின் ஈரமாகப் போகிற பகுதியையும் முக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மல்டிமீட்டரின் ஒரு முனை ஷீல்டில், இன்னொன்று தண்ணீரில். மீட்டர் ஓபன், அதாவது இணைப்பே இல்லை, என்று காட்ட வேண்டும். கிலோஓம் கணக்கில் எண் வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கேபிள் தலைக்குள் நுழையும் இடம்தான். கேபிளின் பிவிசி தோலில் எபாக்ஸி சரியாக ஒட்டாது, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கரண்ட் ஹம் போன பிறகும் மேடையில் ஹெட்போனில் மெல்லிசாகப் பேச்சுக்குரல். ஆவி இல்லை, வானொலி! நம் ஊரில் 1053 கிலோஹெர்ட்ஸில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, 200 கிலோவாட், இலங்கை வரைக்கும் கேட்க வேண்டும் என்று வைத்தது. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வானொலி, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அலை கேபிளில் ஏறி, ஜேஃபெட்டில் ரெக்டிஃபை ஆகி, அதாவது ரேடியோ அலையிலிருந்து ஒலி பிரிந்து, பேச்சாகக் கேட்கிறது. கேள்வி என்னவென்றால், எந்தப் பகுதி கேபிளில் ஏறுகிறது? கடல்நீருக்குள் அந்த அலைவரிசை சுமார் 22 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தேய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமிருக்காது. ஆக, மேடையில் காய்ந்து கிடக்கிற கேபிள்தான் ஆன்டெனா! மேலே மிச்சக் கேபிளைச் சுருட்டாமல் நீளமாகப் போட்டிருந்தேன், அதைக் குட்டையாக்கி ரெக்கார்டர் பக்கத்தில், ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினேன். தலைக்குள் ஜேஃபெட்டின் கேட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதன் பிறகு சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு 100 பைக்கோ கெப்பாசிட்டர். குரல் போயே போச்சு.

இதே கணக்கை 50 ஹெர்ட்ஸுக்குப் போட்டால் 22 சென்டிமீட்டருக்குப் பதில் 32 மீட்டர் வருகிறது. ஆக, ‘கேபிள் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, கடலே ஷீல்டு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வானொலிக்குச் சரி, கரண்டுக்கு இல்லை.

பவர் விஷயம். பவர் பேங்க் எனக்குப் பிடிக்காது, கடுமையாகப் பிடிக்காது. உள்ளே 5 வோல்ட் ஆக்க ஒரு ஸ்விட்சிங் சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கும், அது ரெக்கார்டருக்குள் கீச்சென்று ஒரு கோடு போடும். ஏஏ சைஸ் ரீசார்ஜபிள் செல் போதும். மேடையில் பிளக் பாயிண்ட் இருந்தாலும் செருகாதீர்கள். வள்ளத்தில் போனால் மீன் பார்க்கிற எக்கோ சவுண்டரை அணைக்கச் சொல்லுங்கள், 50, 200 கிலோஹெர்ட்ஸில் அது அடிப்பது ஒவ்வொன்றும் டிக் டிக் என்று உள்ளே விழும்.

இன்னொரு முக்கியமான சோதனை, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தலையில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 22 நானோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்து, அப்படியே மூடிக் கடலில் இறக்குங்கள். கெப்பாசிட்டருக்குக் காது இல்லை. இப்போது ஹெட்போனில் வருவதெல்லாம் சுத்தமான மின் இரைச்சல். நம் மேடைக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்ட் இருக்கிறதே, அதன் மோட்டார் 100 ஹெர்ட்ஸில் உண்மையிலேயே தண்ணீருக்குள் உறுமக்கூடும். அது மின் இரைச்சல் இல்லை, கடலில் இருக்கிற சத்தம். அதைக் கேபிளில் தேடினால் கிடைக்காது. கெப்பாசிட்டரோடு ஹம் வந்தால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. வராமல் டிஸ்க்கோடு மட்டும் வந்தால் அது ஐஸ் பிளாண்டின் வேலை. எனக்குக் கெப்பாசிட்டரோடு வந்த கோடு இதோ, காலியாகத் தட்டையாக இருக்கிறது. ஃப்ரேம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்!

அப்புறம், நீரோட்டத்தில் கேபிள் அதிர்ந்து ‘பூம்ம்’ என்று வருவதையும் ஹம் என்று நினைத்துவிடாதீர்கள். 6 மில்லிமீட்டர் கேபிளை விநாடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் கடந்தால் 17 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிரும். கேபிள் நெடுகத் துணி நாடாவைக் கொத்துக்கொத்தாகக் கட்டினால் அடங்கும். ப்ரீஆம்ப் கரையில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆட்டம் மின் இரைச்சலாகவும் மாறும், இன்சுலேஷனும் ஷீல்டும் உரசிச் சார்ஜ் உண்டாகும். அதற்கென்றே உள்ளே கிராஃபைட் பூசிய லோ நாய்ஸ் கோஆக்ஸ் இருக்கிறது. விலை கேட்டால் தலை சுற்றும். ப்ரீஆம்பைத் தலைக்குள் வைத்துவிடுங்கள், அந்தச் செலவே வேண்டாம்.

இப்போது என் மின் இரைச்சல் இறால் சத்தத்துக்குக் கீழே போய்விட்டது. இதற்கு மேல் இறக்கினாலும் இந்தக் கடலில் காதுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது, அதனால் கேபிளை இத்தோடு விட்டுவிடுகிறேன். அடுத்து ஒரு அண்ணன் வள்ளத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகள் பக்கம் இல்லை, அங்கே அனுமதி வேண்டும். இந்தப் பக்கமே கத்தாழை அதிகமாகப் படுகிற இடம் ஒன்று அவருக்குத் தெரியுமாம். முழு ஒலிப்பதிவையும் வெட்டாமல் அப்படியே கீழே போட்டிருக்கிறேன், ஹெட்போனில் கேளுங்கள். 1,800 ரூபாய் கேபிள் மிச்சம் கிடக்கிறது, கேட் மணிக்கு இழுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.