புல் வராத நிழலில் என்ன நடலாம்?

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கிற சத்தம் கானில், அதாவது வடிகாலில், ஓடுகிற தண்ணீர். அதை நிறுத்த வழியில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் பின்பக்கம் நிற்கிறேன். தலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற கிரவிலியா மரம், அந்தப் பக்கம் டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூகலிப்டஸ், கீழே சரிவு. இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி இடம் புதிதில்லை. இங்கே புல் பதிக்கிறேன் என்று வருஷா வருஷம் காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு. வெயில் இல்லாத இடத்தில் புல் மெலிந்து, பாசி ஏறி, கடைசியில் வெறும் சிவப்பு மண்தான் மிஞ்சும். சரிவில் மண் வெறுமையாகக் கிடந்தால் ஒரு பலத்த மழை போதும், மேல்மண் கானுக்குப் போய்விடும். அதனால்தான் எனக்கு அழகு இரண்டாம் பட்சம். மண்ணைப் பிடிக்குமா, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்குமா, வேலிக்குள் அடங்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் ஒரு செடியை வாங்குவேன்.

கேமராவை இறக்குகிறேன், இதைப் பாருங்கள். மொண்டோ புல். பெயர்தான் புல், உண்மையில் இது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் தெரியும், இதோ. கிழக்காசியச் செடி, நல்ல நிழலைத் தாங்கும், வெட்டிவிட வேண்டியதே இல்லை. குறை ஒன்றுதான்: வளர்வது ரொம்ப மெதுவு. அதனால் ஒரு அடிக்கு ஒன்று என்று நட்டுவிட்டுக் காத்திருந்தால் இடைவெளியெல்லாம் களைதான் வரும். 4 அங்குலத்துக்கு ஒன்று வையுங்கள். நிறைய வாங்கவும் தேவையில்லை. நன்றாக அடர்ந்த ஒரு சாடியை வாங்கி, வேரோடு பிரித்துப் பிரித்து நடலாம்.

அடுத்து அஜூகா. செம்பழுப்பு இலை, நீலப் பூ. ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசச் செடி, நுவரெலியா உயரத்துக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். கீழே கண்டி, மாத்தளைச் சூட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்ணீர் தேங்கினால் நடுக்குருத்து அழுகிவிடும், ஆகவே சரிவின் மேல்பக்கம்தான் அதற்கு இடம்.

பனி கருக்கிவிடாதா என்று கேட்பீர்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் பனி விழுவது தெரிந்ததுதான். ஆனால் அது கருக்குவது பெரும்பாலும் திறந்த வெளியையும் பள்ளத்தையும். நிலத்துச் சூடு இரவில் நேராக வானத்துக்குப் போய்விடாமல் மரக்கிளைகள் தடுக்கின்றன. நிழல் தோட்டத்துக்கு இருக்கிற நல்ல பக்கம் இது. இங்கே எனக்குப் பெரிய எதிரி மழைக்கால அழுகலும் நத்தையும்தான். அட்டையும் உண்டு, அதைச் சொல்லத் தேவையில்லை! நடைபாதை ஓரத்தில் மட்டும் செடியைத் தாழ்வாக வைத்துக்கொண்டால் காலில் ஏறுவது குறையும்.

வல்லாரையை மறந்துவிடாதீர்கள். சாப்பாட்டுச் செடி என்று மரக்கறிப் பாத்தியிலேயே வைத்துவிடுகிறோம். கணுவுக்குக் கணு வேர் விட்டு ஈர மண்ணை அது பிடிக்கிற மாதிரி காசு கொடுத்து வாங்குகிற பல செடிகள் பிடிக்காது. முழு இருட்டு ஆகாது, கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். இதோ இந்த ஓரத்தில் இருப்பது நாளைக்குச் சம்பலுக்குப் போகும்.

வெளிச்சமே விழாத மூலைக்குப் பன்னம்தான், பெரணி என்றும் சொல்வார்கள். எந்தப் பன்னம் என்று குழப்பமாக இருந்தால் ஒரு நாள் நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வாருங்கள். 1861இல் கொய்னா மருந்துக்காகச் சின்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. அங்கே பன்னத்துக்கென்றே நிழலான ஒரு பகுதி இருக்கிறது. எது எந்த ஈரத்தில், எந்த நிழலில் செழிக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்வதை விட அது மேல்.

இப்போது வேண்டாத ஆள். மஞ்சள் பூ பூத்துக்கொண்டு படர்கிற வெடேலியா. சும்மா கிடைக்கிறது, வேகமாக மூடுகிறது என்று கொண்டுவந்து நடுகிறார்கள். இலங்கையில் அது ஆக்கிரமிப்புத் தாவரம். ஒரு துண்டுத் தண்டு கானில் விழுந்தாலும் கீழே எங்கோ போய் வேர் விடும். ஊதாக் கோடு போட்ட செப்ரினாவும் அந்த ரகம்தான். ஆசையாக இருந்தால் தொங்குசாடியில் வையுங்கள், வெட்டிய துண்டுகளை ஓடைப் பக்கம் வீசாதீர்கள்.

சரி, நடுகிற முறை. சரிவை மண்வெட்டியால் மொத்தமாகக் கொத்திப் போடாதீர்கள், மழை அள்ளிக்கொண்டு போகும். முதலில் கோரையையும் புளியாரையையும் கிழங்கோடு எடுங்கள். புளியாரை விஷயத்தில் அவசரம் கூடாது, ஒரு சிறு குமிழ் தங்கினாலும் திரும்ப வந்து நிற்கும். அப்புறம் செடிக்கு ஒரு குழி என்று மட்டும் தோண்டி, கொஞ்சம் கூட்டு எரு போட்டு, மேல் வரிசையின் இடைவெளிக்கு நேரே கீழ் வரிசைச் செடி வருகிற மாதிரி மாற்றி மாற்றி நடுங்கள். ஓடிவருகிற தண்ணீர் ஒவ்வொரு செடியிலும் முட்டி வேகம் குறையும். இடையில் காய்ந்த இலையைப் பரப்பிவிடலாம். ஆனால் கிரவிலியா இலை தானாகக் கொட்டி மெத்தை மாதிரி சேர்ந்துவிட்டால், சின்னச் செடி அதற்கடியில் மூச்சுமுட்டிப் போகும், அவ்வப்போது வாரிவிடுங்கள். டர்பன்டைன் மரத்தடியில் மண்ணே காய்ந்து கிடக்கும், முதல் வருஷம் அங்கே தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

எந்த மாதம் நடுவது என்று கமெண்டில் கேட்கிறவர்கள் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதத் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கும் முன்பு, ஏப்ரல் மழையிலேயே வேர் பிடிக்க விட்டுவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் மழையோடு தொடங்கலாம்.