குப்புறப் போடு என்று சொன்னது யார்?

நடுவர் ஐயா அவர்களே! மருத்துவ ஆய்வு முடிவுகளைக் கொண்டுசேர்ப்பதில் தொலைக்காட்சி உதவுகிறதா, குழப்புகிறதா என்பது தலைப்பு. குழப்புகிறது என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர் ஒரு டாக்டர். முடிவு முதலில் மருத்துவ இதழில் வரட்டும், டாக்டர்கள் படிக்கட்டும், அப்புறம் நோயாளிக்குச் சொல்லட்டும் என்றார். சரி, அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று சொன்னாரா?

நான் சொல்கிறேன். இருபது வருஷம்.

பிரிட்டனில் ராத்திரி நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை, விடிந்து பார்த்தால் உயிரோடு இருக்காது. தொட்டில் மரணம் என்பார்கள். குப்புறப் படுக்க வைத்தால் இந்த ஆபத்து அதிகம் என்பதற்கான சான்று 1970லேயே ஆய்வுகளில் சிதறிக் கிடந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. டாக்டர்களும் புத்தகங்களும் 'குப்புறப் போடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். (நம்ம ஊர்த் தூளியில் பிள்ளை மல்லாந்துதான் கிடக்கும். தூளிக்கு மருத்துவ இதழ் படிக்கத் தெரியாது, பாவம்.) அன்றே சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாம் என்று 2005இல் கணக்குப் போட்டார்கள்.

1991 ஜூலையில் ஆன் டயமண்டின் நான்கு மாத மகன் செபாஸ்டியன் இப்படித்தான் போனான். ஆன் டயமண்ட், பிரிட்டன் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். நியூசிலாந்தில் பெற்றோரிடம் நேரடியாகச் சொன்னதால் மரணங்கள் குறைந்ததை அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அரசை நச்சரித்தார். அந்த டிசம்பரில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது: மல்லாக்கப் படுக்க வையுங்கள். அடுத்த ஆண்டே தொட்டில் மரணம் ஏறக்குறையப் பாதியானது.

நண்பர் சீட்டில் ஏதோ எழுதுகிறார். 'ஆய்வு செய்தது தொலைக்காட்சியா?' என்றுதானே? இல்லை ஐயா, பிரிஸ்டலிலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் செய்தது. அவர்கள் எழுதிய இதழை எந்தத் தாய் கடையில் வாங்கினாள்? விளம்பரம் ஓடிய ராத்திரி தாயும் பார்த்தாள், அவளுடைய டாக்டரும் பார்த்தார். மறுநாள் அவர் பழையபடி 'குப்புறப் போடு' என்று சொல்ல முடியுமா?

நண்பர் ஆஸ்திரேலியக் கதையையும் சொன்னார். 2013இல் ஏபிசி தொலைக்காட்சி கொலஸ்ட்ரால் மாத்திரைகளைச் சந்தேகித்து நிகழ்ச்சி போட்டது, சுமார் 60,000 பேர் மாத்திரையைக் குறைத்தார்கள் அல்லது விட்டார்கள் என்று பிறகு ஓர் ஆய்வு கணக்கிட்டது. உண்மைதான். ஒருதலைப்பட்சம் என்று விசாரணையில் தெரிந்து அந்த நிலையமே நிகழ்ச்சியை நீக்கியது. ஆனால் இது யார் கட்சிக்குச் சாட்சி? தப்பான நிகழ்ச்சிக்கே இவ்வளவு பலம் என்றால், அந்தத் தொலைக்காட்சி நாற்காலியில் ஆய்வு தெரிந்தவர் உட்கார வேண்டாமா? டாக்டரைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், அப்புறம் வேறு யாரோ உட்கார்ந்து பேசினால் கோபப்படுகிறார்!

மணிக்குக் கை போகிறது, பார்த்துவிட்டேன். அடியுங்கள் நடுவர் ஐயா. பதில் சொல்ல வரும்போது அந்த இருபது வருஷக் கணக்கை மட்டும் டாக்டர் எடுத்துவரட்டும்.